கப்பலுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்

"கும்பாரா, நீ சண்டை போடுறியா, இல்ல மீனுக்குத் தீனி போடுறியா? உன் குண்டெல்லாம் தண்ணிக்குள்ளதானே போகுது!"

திரிஃபோன் இப்படிச் சொன்னதும் என் காபிக் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தூசா மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப் திரையில் அவளுடைய சாம்பல் நிறப் போர்க்கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மூழ்குவதை, யாருடைய கப்பலோ மூழ்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கையா இருக்கே," என்றாள்.

"தோத்ததா?"

"தோத்தது இல்ல கும்பாரே. எல்லாக் குண்டும் ஒரே மாதிரி தப்புறது."

அன்றைக்குத் தென்காற்று பேயாய் அடித்தது. துறைமுகத்தில் படகு ஓடத் தடை போட்டிருந்தார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரமாவுக்கு ஒரு படகும் போகவில்லை. எங்கள் கரையின் பலூக்கியா துறையில் படகுகள் எல்லாம் கயிற்றில் கட்டுண்டு முனகிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நாளில் படகுக்காரர்கள் அனைவரும் என் கடையில்தான் அடைவார்கள். ஈரக் கோட்டு நாற்றமும் காபி மணமும் கலந்து, கண்ணாடியெல்லாம் பனித்துப்போயிருக்கும்.

அந்தூசா, வண்டிகளையும் ஆட்களையும் கரைக்குக் கரை ஏற்றிச் செல்லும் 'மெலிஸ்ஸா' படகின் கேப்டன். திரிஃபோன் 'கோர்கோனா' படகின் கேப்டன். அவள் மகன் ஸ்தேரியோஸுக்கு ஞானத்தகப்பனாக நின்று பெயர் வைத்தவர் திரிஃபோன். அதனால்தான் அவள் அவரைக் கும்பாரே என்பாள், அவர் அவளைக் கும்பாரா என்பார். ரத்த உறவாக இருந்திருந்தால் இத்தனை சண்டைக்கு எப்போதோ முறிந்திருக்கும்.

இந்த இரண்டு படகுக்கும் ஒரு வழக்கம் உண்டு. உயிர்ப்பு இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நடுநிசியில், ஊரே கோயிலில் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது ஒரு படகு மட்டும் ஓடியாக வேண்டும். எந்தப் படகு என்பதை இரண்டு கேப்டன்களும் தாவ்லி என்ற பகடையாட்டம் ஆடித் தீர்மானிப்பார்கள். ஜெயித்தவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார், மிச்சம் தோற்றவருக்கு. இதுவரை யாரும் படகைத் தேர்ந்தெடுத்ததில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிரச்சினை என்னவென்றால், பகடைக்கு அந்தூசாவைப் பிடித்துவிட்டது. வருஷா வருஷம் அவள்தான் கோயிலில். வருஷா வருஷம் திரிஃபோன்தான் சுக்கானில்.

"பகடை வேண்டாம். அது உன்கிட்ட மயங்கிக் கிடக்கு," என்றார் அவர் அந்த மாரியில். "நாம என்ன செருப்பு தைக்கிறவங்களா? கப்பல்காரங்க. கப்பல் சண்டையிலயே தீர்த்துக்குவோம்."

கோர்கோனாவின் ஆட்கள் இரண்டு மாரிகளாகக் கம்ப்யூட்டரில் அந்தக் கடற்சண்டை விளையாட்டில் ஊறிக்கிடந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தூசாவுக்கும் தெரியும். ஆனாலும் ரோஷம்.

"சரி. ஆடுவோம்," என்றுவிட்டாள்.

அதற்கு மறுநாள்தான் ஸ்தேரியோஸ் கூப்பிட்டான். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருப்பான்.

"அம்மா, இந்த வருஷம் உயிர்ப்புக்கு நான் வீட்டுல."

"நிஜமா சொல்றியா?"

"சத்தியமா. கோயில்ல உன் பக்கத்துல நிப்பேன். சுடரை நான்தான் உனக்குக் குடுப்பேன்."

அந்தூசா போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, ஒரு காபி. சர்க்கரையே வேண்டாம்," என்றாள். அவள் எப்போதும் இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பவள். "நான் தோத்தேன்னா என் புள்ள கோயில்ல அவன் ஞானத்தகப்பன் பக்கத்துல நிப்பான். நான் பெரமாவுல லாரி ஏத்திக்கிட்டு இருப்பேன்."

"அப்ப ஜெயிச்சிடு."

"குண்டு படணுமே, அக்கா!"

*

மெலிஸ்ஸாவின் எஞ்சின்காரன் மந்தோஸ் அந்த விளையாட்டில் கெட்டிக்காரன். ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவன். ஒவ்வொரு நாளும் கடைசி நடை முடிந்து என் கடையின் மூலை மேசையில் இருவரும் உட்காருவார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன்.

"கேப்டன், குறுக்குக்கோடு தெரியுதா? அதுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடு இருக்கு பாருங்க. அதுதான் அளவு."

"எதுக்கு அளவு?"

"குண்டு இங்கிருந்து அங்க போக ஏழெட்டு விநாடி ஆகும். அதுக்குள்ள கப்பல் நகர்ந்துடும். அதனால கப்பல்மேல வைக்காதீங்க. அதுக்கு முன்னால இருக்கிற தண்ணிமேல வைங்க."

"எவ்வளவு முன்னால?"

"அது... அப்படியே தோணும்."

"யாருக்குத் தோணும்?"

"எனக்குத் தோணுது."

"மந்தோஸ், எஞ்சின் சூடாகுதான்னு நான் கேட்டா 'அப்படியே தோணுது'ன்னு சொல்வியா?"

"அதுக்கு மானி இருக்கு, கேப்டன்!"

"இதுக்கும் இருக்கும். தேடு."

அவள் இப்படித்தான். தெரியாததைத் தெரியாததாக விட்டுவைக்க மாட்டாள். மந்தோஸின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பக்கவாட்டில் ஓடும் கப்பலுக்கு நிறைய இடம் விட வேண்டும், நேராக நம்மைப் பார்த்து வரும் கப்பலுக்குக் கொஞ்சம் போதும். மூக்கில் நுரை எவ்வளவு கிளம்புகிறது என்று பார்த்தால் வேகம் தெரியும். உயரத்தில் குறிவைத்தால் குண்டு புகைபோக்கிக்கு மேலே பறந்துபோகும், தண்ணீரும் இரும்பும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு பீரங்கியைச் சுட வேண்டும். தண்ணீர் எங்கே எழும்புகிறது என்று பார்த்து, திருத்தி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எல்லாம் புரிந்தது. ஒப்பிக்கவும் செய்தாள். ஆனால் சுட்டால், வெள்ளைத் தண்ணீர்த் தூண்கள் வரிசையாக எதிரிக் கப்பலின் பின்னால், அதன் நுரைத் தடத்தில் எழும்பின.

"இன்னும் முன்னால, கேப்டன்."

"வெச்சேனே!"

"வெச்சீங்க. சுடுறதுக்கு முன்னாடி கையை இழுத்துட்டீங்க."

"இழுக்கல."

"இழுத்தீங்க. கடைக்கார அக்காவைக் கேளுங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "இன்னொரு தரம் சுடு," என்றேன்.

சுட்டாள். குறுக்குக்கோடு கப்பலுக்கு முன்னால்தான் நின்றது. விரல் அழுத்துவதற்குச் சற்று முன்பு, ஒரு குருவி தலையைத் திருப்புமே அதுபோல, மௌஸ் ஒரு துளி பின்னால் நகர்ந்தது.

"இழுத்தே," என்றேன்.

அந்தூசா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறொருவர் கையை யாரோ தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

"ஏன் இழுக்குது?"

"பயமா இருக்குமோ என்னவோ," என்றான் மந்தோஸ்.

"எதுக்குடா பயம்? இது பொம்மைக் கப்பல்."

*

காரணம் கிடைத்தது கடையில் அல்ல, படகில். மந்தோஸ் வந்து மூச்சு வாங்கச் சொன்னான்.

அன்று காலை வெயில். கடல் எண்ணெய்போலக் கிடந்தது. மெலிஸ்ஸா பெரமாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மந்தோஸ் எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறி, சுக்கான் அறையில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரு எள் ரொட்டி வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோர்கோனா வலது பக்கமாகக் குறுக்கே வந்தது.

"திரிஃபோன் வர்றார்," என்றான் மந்தோஸ்.

"பாத்தேன்." அவள் சுக்கானை வலதுபக்கம் ஒரு சிட்டிகை திருப்பினாள்.

"இப்ப எங்க பாக்குறீங்க?"

"எங்கன்னா?"

"கண்ணு எங்க இருக்கு?"

"கோர்கோனாவோட பின்பக்கத்துல."

"ஏன் பின்பக்கத்துல?"

"அங்கதானே போகணும். வலது பக்கமா வர்றவனுக்கு வழி விடணும். அவன் பின்பக்கத்தைப் பார்த்து மூக்கை வெச்சா, நாம அங்க போய்ச் சேரும்போது அவன் போயிருப்பான். இதுகூடத் தெரியாதா உனக்கு? முன்னால வெச்சா மோதி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மந்தோஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"கேப்டன்..."

"பேசாதே."

"கேப்டன், நீங்க குண்டையும் வழி விட வைக்கிறீங்க!"

"பேசாதேன்னேன்." பிறகு அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாளாம். சுக்கானைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க. கீழே காரிலிருந்த பயணிகள் அண்ணாந்து பார்த்தார்களாம்.

இத்தனை காலம் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இதே நீரிணையைக் கடக்கிறவள். மோதாமல் இருப்பதுதான் அவள் பிழைப்பு. குறுக்கே ஒரு கப்பலைக் கண்டால் கண் அதன் பின்பக்கம் போகும், கண் போகுமிடத்துக்குக் கை போகும். பொம்மைக் கப்பலா நிஜக் கப்பலா என்று கை கேட்பதில்லை.

"அதுமட்டுமில்ல அக்கா," என்றாள் அன்று மாலை என்னிடம். கண்ணில் ஒரு பளபளப்பு. "மோதல் வருதான்னு நாங்க எப்படிப் பார்ப்போம் தெரியுமா? எதிர்ல வர்ற கப்பலை ஜன்னல் கம்பியோட சேர்த்துப் பார்ப்போம். அது கம்பியை விட்டு விலகிக்கிட்டே போனா தப்பிச்சோம். கம்பியிலயே அசையாம நின்னு பெருசாகிக்கிட்டே வந்தா, மோதப்போறோம்னு அர்த்தம்."

"அதுக்கென்ன இப்ப?"

"எனக்கு மோதல் எங்க நடக்கும்னு நல்லாத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சுத்தான் அதைவிட்டு ஓடுறேன். இப்ப ஓடக் கூடாது. அங்கேயே குண்டைப் போடணும். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா?"

"கை ஒத்துக்கணும்," என்றாள்.

கை சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மாலைக்கு மாலை அந்த மூலை மேசையில் அவள் தன் கையோடு சண்டை போட்டாள். "போகாதே. நில்லு. அங்கயே நில்லு, கழுதை," என்று அதட்டுவாள். காபி குடிக்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். "அவ கையைத் திட்டுறா," என்பேன். ஒரு நாள் மாலை முதல் குண்டு கப்பலின் நடு விலாவில் விழுந்து நெருப்புக் கிளம்பியது. அந்தூசா துள்ளவில்லை.

"மன்னிச்சுக்கோ," என்றாள் அந்தக் கப்பலைப் பார்த்து.

"யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றான் மந்தோஸ்.

"தெரியல. வாயில வந்துடுச்சு."

*

போட்டி குருத்தோலை ஞாயிறன்று, கோயில் முடிந்த பிறகு. நோன்பில் மீனுக்கு அனுமதி உள்ள நாள். நான் காலையிலிருந்து பூண்டுச் சாந்தோடு மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டு, லேப்டாப்புகளை முதுகோடு முதுகாக வைத்தார்கள். இவள் பக்கம் மெலிஸ்ஸாவின் ஆட்கள், அவர் பக்கம் கோர்கோனாவின் ஆட்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வாய் திறப்பவனுக்கு மீன் கிடையாது என்று நான் அறிவித்தேன். மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவர் தேர்ந்தெடுக்கலாம்.

ஆரம்பிக்கும் முன்பு அந்தூசாவின் போன் அடித்தது. படித்தாள்.

"ஸ்தேரியோஸ். டிக்கெட் போட்டுட்டானாம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு விமானம் இறங்குது."

"ஒன்பதுன்னா பத்து, பத்தரைக்குக் கோயில்ல இருப்பான்," என்றார் திரிஃபோன் முகமெல்லாம் மலர. அவருக்குப் பிள்ளை இல்லை. "மெழுகுவர்த்தி வாங்கி வெச்சுட்டேன் கும்பாரா. நீலத்துல, நங்கூரம் போட்டது."

"இருபத்தெட்டு வயசுக் கழுதைக்கு நங்கூரம் போட்ட மெழுகுவர்த்தியா?"

"ஞானப்புள்ள எப்பவும் புள்ளதான். நான் ஏத்திக் குடுக்கிறப்ப நீ படகுல இருந்து கொம்பு ஊது, எங்களுக்குக் கேட்கும்."

அந்தூசா போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள். "ஆடுவோம்," என்றாள்.

முதல் ஆட்டத்தில் தோற்றாள். மோசமாக அல்ல. அவளுடைய குண்டுகள் இப்போது பின்னால் விழவில்லை, முன்னால் விழுந்தன. அவள் சரியான இடத்தில் வைக்கும்போதெல்லாம் திரிஃபோனின் கப்பல் திரும்பிவிட்டது.

"மீனுக்குத் தீனி போட இப்பப் புது இடம் கண்டுபிடிச்சிருக்கே!" என்று மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

அந்தூசா காதில் வாங்கவில்லை. "மந்தோஸ்," என்று கிசுகிசுத்தாள். "அவர் எந்தப் பக்கம் திரும்புறார்?"

"ஏமாத்துறதுக்காக வளைஞ்சு வளைஞ்சு போறார், கேப்டன். எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாத் தரமும் வலது பக்கம்."

"தற்செயல்."

"நான் அவருக்கு இடது பக்கம் இருந்தப்ப நேராத்தான் போனார். வலது பக்கம் போனதும் திரும்பினார்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இரு, இன்னொரு தரம் பாக்கிறேன்."

இரண்டாவது ஆட்டத்தை அவள் ஆடியவிதம் மெலிஸ்ஸா ஆட்களுக்குப் பிடிக்கவே இல்லை. சுடவேயில்லை. தன் கப்பலைத் தூரத்திலேயே ஓட்டி, ஒருமுறை திரிஃபோனின் இடப்பக்கம் போய்க் காட்டினாள். அவர் நேராகப் போனார். தீவு ஒன்றைச் சுற்றிவந்து வலப்பக்கம் போய்க் காட்டினாள். அவர் கப்பலின் பின்பகுதி மெல்ல இடதுபக்கம் வழுக்கியது. கப்பல் திரும்புவதற்கு முன் பின்பகுதிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மூக்கு வலது பக்கம் வந்தது. அவளுக்குப் பின்பக்கமாகப் போக, பழகின மனிதராய், மரியாதையாக.

"ஐயோ," என்றாள் அந்தூசா, மெதுவாக. "வழி விடுறார்."

"என்ன?"

"எனக்கு வழி விடுறார்டா. என் குண்டு வழிவிட்டுச்சு, அவர் கப்பலே வழி விடுது! முப்பது வருஷம் படகு ஓட்டின கை. சண்டைன்னு அதுக்குத் தெரியாது."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க!"

"வாயை மூடு."

இதற்குள் திரிஃபோனின் குண்டுகள் அவளைப் பாதி தின்றுவிட்டன. ஆனாலும் மூன்றாவது முறை வலப்பக்கம் போய் நின்றபோது, அவள் அவருடைய கப்பலைப் பார்க்கவே இல்லை. வழி விட்டுத் திரும்பினால் எங்கே வந்து நிற்குமோ அந்த வெறும் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பீரங்கி சுட்டாள். தூண் எழுந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு துளி திருத்தினாள். அவர் பின்பகுதி வழுக்கத் தொடங்கியதும் எல்லாப் பீரங்கியும்.

ஏழெட்டு விநாடி. குண்டு பறக்கும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. கடையில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வெறும் தண்ணீருக்குள் திரிஃபோனின் கப்பல் தானே நடந்துவந்து, தன் முழு இடது விலாவையும் திருப்பிக் காட்டி நின்றது.

"கன்னி மாதாவே!" என்று மறுபக்கம் அலறியது.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரிஃபோன் கோபத்தில் வேகமாக வந்தார். அவள் அவருக்கு வலப்பக்கம் போனாள். அவர் வழி விட்டார். எனக்கு மீன் கருகிவிட்டது.

*

"எப்படி?" என்றார் திரிஃபோன். எழுந்து வந்து அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். "எப்படி? நான் திரும்புறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க நல்ல கேப்டன், கும்பாரே."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல. கெட்ட கேப்டனா இருந்தா நான் தோத்திருப்பேன்."

அவருக்குப் புரியவில்லை. கோர்கோனாவின் ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மீனைக் குத்தினார்கள். இந்த வருஷமும் சுக்கான். திரிஃபோன் நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்தார். மெழுகுவர்த்தியை நினைத்திருப்பார்.

"சரி," என்றார் கடைசியில். "சொல்லு. கோயிலா படகா? கேக்கணும்ங்கிறதுக்காகக் கேக்கிறேன்."

"படகு," என்றாள் அந்தூசா.

திரிஃபோன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"என்ன?"

"உயிர்ப்பு இரவுக்கு மெலிஸ்ஸா ஓடும். நீங்க கோயிலுக்குப் போங்க. கை குடுங்க."

"கும்பாரா, என்மேல பரிதாபமா?"

"கை குடுங்கன்னேன்ல."

அவர் எழுந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கிவிட்டது. "நீ இப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். எப்பவும் தெரியும். உன் புள்ளையை நான் நல்லாப் பாத்துக்கிறேன்."

"கேப்டன்," என்றான் மந்தோஸ் நடுங்கும் குரலில், "ஜெயிச்சது நாமதானே? இதை என் பெண்டாட்டிகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். அவளையும் கூட்டிட்டு வா. எல்லாரும் வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க. மேல்தளத்துல ஏத்துவோம் மெழுகுவர்த்தி."

"ஆனா ஏன்?" என்றேன் நான். எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைக்காகத்தானே இத்தனை நாள் கையைத் திட்டினே?"

அந்தூசா ஒரு மீனை எடுத்துப் பூண்டில் தோய்த்தாள்.

"அக்கா, அவன் எப்ப வர்றான்?"

"ஒன்பது மணிக்கு."

"அது விமானம் வர்ற நேரம். கப்பல் இப்ப நிக்கிற இடம். அங்க சுடக் கூடாது." அவள் மேசைமேல் மீன் முட்களை வரிசையாக வைத்தாள். "இறங்கினான். பெட்டி வரணும். மாசக்கணக்கா கப்பல்ல இருந்தவன், ஒரு பெட்டியோடயா வருவான்? அப்புறம் டாக்சி. உயிர்ப்பு இரவுல எந்த டாக்சிக்காரன் பெரமாவுக்கு வருவான்? பஸ்ஸுதான். பஸ் மாறணும். அதுவும் அன்னிக்கு நேரத்துக்கு ஓடாது. பெரமா துறைக்கு அவன் வந்து நிக்கிறப்ப பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும். பன்னிரண்டுக்குப் பாதிரியார் 'வந்து ஒளி பெறுங்கள்'னு கூப்பிடுறப்ப அவன் எங்க இருப்பான்?"

எல்லோர் கண்ணும் கண்ணாடிக்கு வெளியே, இரண்டு கரைக்கும் நடுவிலிருந்த தண்ணீருக்குப் போனது.

திரிஃபோன்தான் முதலில் எழுந்தார். "அடிப்பாவி! கையைக் குடு, கையைக் குடுன்னு..."

"குடுத்தீங்க. எல்லாரும் பாத்தாங்க."

"அவன் பஸ்ஸுக்கு முந்தியே வந்துட்டா? அவனை யாராவது வண்டியில கூட்டிட்டு வந்துட்டா?"

"அப்ப நான் தோத்தேன்," என்றாள் அந்தூசா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க பக்கத்துல நிப்பான், நான் கொம்பு ஊதுவேன். குண்டு கிளம்பியாச்சு கும்பாரே. இனி பாக்கத்தான் முடியும்."

*

ஈஸ்டர் ஞாயிறு பகல் அந்தூசாவின் வீட்டு முற்றத்தில் ஆட்டைச் சுட்டார்கள். புகை அத்திமரத்துக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. திரிஃபோன் நங்கூர மெழுகுவர்த்தியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்தேரியோஸ் அவர் தோளைக் கட்டிக்கொண்டான். தாடி வளர்த்திருந்தான்.

"ஞானத்தகப்பன் கோவமா இருக்கார்."

"கோவமில்ல. சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எப்ப வந்தே?"

"பஸ்ஸுல இருந்து குதிச்சு ஓடி வர்றேன், துறையில ஒரு ஈ காக்கா இல்ல. படகு போயிருக்கும்னு நினைச்சேன். பாத்தா மெலிஸ்ஸா வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. மேல இருந்து ஒரு குரல்: 'சீக்கிரம் ஏறுடா, கழுதை!' நடுக்கடல் போறப்ப ரெண்டு கரையிலயும் மணி அடிக்குது. தளத்துல எல்லாரும் மெழுகுவர்த்தியோட நிக்கிறாங்க. அம்மா ஒரு கையில சுக்கான், ஒரு கையில கொம்பு. நான் சுடரைக் கொண்டுபோய்க் குடுக்கிறேன், அவங்களுக்குப் பிடிக்கக் கையில்ல!"

"மந்தோஸ் பிடிச்சுக்கிட்டான்," என்றாள் அந்தூசா, ஆட்டைத் திருப்பிக்கொண்டே. முகம் அடுப்பின் பக்கம் இருந்தது.

"இரு, இரு," என்றார் திரிஃபோன். மெழுகுவர்த்தியை மேசைமேல் வைத்தார். "துறையில ஒருத்தரும் இல்ல. படகு வாயைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. எவ்வளவு நேரமா நின்னுச்சு?"

மந்தோஸ் திடீரென்று ரொட்டி வெட்டப் போனான்.

"மந்தோஸ்! நீ சொல்லு!"

"எனக்கென்ன தெரியும்? நான் கீழ எஞ்சின்ல..."

"கும்பாரா! நிறுத்தி வெச்சியா?"

"ஒரு லாரி ஏறிக்கிட்டு இருந்துச்சு."

"உயிர்ப்பு இரவுல லாரியா?"

"சின்ன லாரி."

"ஏமாத்து!" திரிஃபோன் எழுந்தே நின்றுவிட்டார். முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! ஓடுற கப்பலுக்கு முன்னால வெச்சு அடிச்சாத்தான் குறி. படகைக் கட்டிவெச்சு, ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்து பிடிக்கிறது என்ன குறி?"

அந்தூசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடையிலிருந்து, ஈஸ்டருக்குச் சாயம் போட்டு அவித்த ஒரு சிவப்பு முட்டையைத் தேர்ந்தெடுத்தாள். நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"முதல் குண்டு கொஞ்சம் முன்னால விழுந்துச்சு, கும்பாரே," என்றாள். "திருத்திக்கிட்டேன்."

ஸ்தேரியோஸ் சிரித்ததில் அவன் குடித்த ஒயின் மூக்கில் ஏறிவிட்டது. திரிஃபோன் சிரிக்கக் கூடாது என்று முயன்றார், தாங்கவில்லை. கூடையைத் துழாவி, இருப்பதிலேயே கூரான முட்டையை எடுத்து நீட்டினார்.

"வா. மோதிப் பாக்கலாம், யார் முட்டை உடையுதுன்னு இதுல பாத்துடுவோம். கிறிஸ்து உயிர்த்தார்!"

"மெய்யாகவே உயிர்த்தார்," என்றாள் அந்தூசா, தன் முட்டையை ஓங்கிக்கொண்டே. "அசையாமப் பிடிங்க. வலது பக்கம் திருப்பாதீங்க."